முதல் ஊசிக்கு முன் எடுக்கும் ரத்தம்

நோயாளியின் ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் ரத்தக் கல்ச்சர். அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டில் "கிருமி எதுவும் வளரவில்லை" என்று வந்தால் நோயாளியின் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் நோயாளி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டும் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டும் இருக்கும்போது அந்த வரியில் கையெழுத்திட்டு அனுப்பும் எனக்கு அது நல்ல செய்தி அல்ல. காரைக்குடிப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை செய்கிறேன். கிருமி இல்லாததால் வளராமல் போவது ஒன்று. வீட்டிலேயே இரண்டு மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்ததால் கிருமி பாதி ஒடுங்கி, எங்கள் பாட்டிலில் வளராமல் போவது வேறொன்று. அந்த மாத்திரைக்குக் கிருமியை மறைக்கும் அளவுக்குத்தான் வலு இருந்திருக்கும், ஒழிக்கும் அளவுக்கு இருந்திருக்காது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த நிலையில் மருத்துவர் என்ன செய்வார்? எந்தக் கிருமி என்று தெரியாததால், எல்லாவற்றையும் அடிக்கக்கூடிய பெரிய மருந்தைத் தொடங்குவார். உயிர் போகிற நேரத்தில் அது சரியான முடிவுதான். ஆனால் மூன்றாம் நாள் அதை நிறுத்தவோ மாற்றவோ அவர் கையில் ஆதாரம் இருக்காது. மெரோபெனம் போன்ற மருந்துகள் பத்து நாள், பதினான்கு நாள் என்று நீள்வதற்கு எங்கள் பகுதியில் முக்கியமான காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

சேர்க்கையின்போது இவ்வளவு ரத்தம் எதற்கு என்று பலர் கோபப்படுகிறார்கள். பெரியவர்களுக்கு ரத்தக் கல்ச்சர் என்றால் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். அதையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். ரத்தத்தில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் அளவு குறைந்தால் தப்பிவிடும். ஒரே இடத்தில் மட்டும் எடுத்தால், வளர்ந்தது நோய்க்கிருமியா, ஊசி குத்திய தோலில் ஒட்டியிருந்ததா என்ற குழப்பம் வரும். இத்தனையும் முதல் ஊசி மருந்து உள்ளே போவதற்கு முன் நடக்க வேண்டும். அதே சமயம், ரத்தத்தில் தொற்று பரவி அதிர்ச்சி நிலைக்குப் போனவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியாக வேண்டும். செவிலியர் அவசரப்படுவது அதனால்தான். அந்த நேரத்தில் அவரோடு வாதிட வேண்டாம்.

செட்டிநாட்டுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முன்கட்டும் இரண்டாங்கட்டுமாக நீளும் பெரிய வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். ஆச்சிக்குக் காய்ச்சல் என்றால் மகன் கைப்பேசியில் ஒரு மாத்திரைப் பெயரை அனுப்புகிறார், வீட்டு வேலைக்கு வருபவர் மருந்துக்கடையில் வாங்கி வருகிறார். போன தீபாவளிக்கு வந்தபோது வைத்துவிட்டுப் போன அட்டையில் நான்கு மாத்திரை மிச்சம் இருந்தால் முதலில் அது தீர்கிறது. அக்கறையால் செய்வதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆச்சி மருத்துவமனைக்கு வரும்போது அந்த மாத்திரையின் பெயர் கூடவே வருவதில்லை. கேட்டால், "காய்ச்சல் மாத்திரைதான் கொடுத்தோம்" என்பார்கள். பாராசிட்டமாலா, இல்லை அசித்ரோமைசின், செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக்கா? எங்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். கடையில் கேட்டு வாங்கியது என்பதற்காக யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. அட்டையைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்துக் கொண்டுவாருங்கள். காலி அட்டை என்றாலும் பரவாயில்லை.

சட்டமும் இருக்கிறது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ஹெச்1 பட்டியலின்படி, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், கார்பபெனம்கள் (மெரோபெனம் இந்த வகை) போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை விற்கும்போது மருந்துக்கடைக்காரர் மருந்து எழுதிய மருத்துவர், நோயாளி இருவரின் விவரத்தையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். செஃபிக்சிம் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று புரிந்துகொள்ளலாம்.

சாப்பிட்ட மாத்திரை கல்ச்சரை மறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஆன்டிபயாட்டிக் அங்கும் போகிறது. மருந்துக்குப் படியும் கிருமிகள் சாக, படியாதவை இடம் பிடித்துப் பெருகுகின்றன. இ.கோலை கிருமி நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அதைவிட மோசம், எதிர்ப்புத் திறனுக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையமாகப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். வேற்றினக் கிருமிக்குக்கூடக் கொடுக்கும். இப்படி மாறிய குடல் பல மாதங்கள் அப்படியே இருக்கலாம். அந்த ஆச்சிக்கு அடுத்த முறை சிறுநீரில் தொற்று வந்தால் வரும் கிருமி பெரும்பாலும் அதே குடலிலிருந்துதான் வரும். கடந்த மூன்று மாதத்தில் எந்த ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்கள், எங்கே அட்மிட் ஆனீர்கள் என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்பதன் காரணம் இதுதான்.

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு இங்கிருந்து பழனிக்கு நடைப்பயணம் போகிறவர்கள் ஏராளம். தலைமுறைகளாக நடக்கும் வழக்கம், அதை யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். கொப்புளம் உடைந்ததே தெரியாமல் நடந்துவிடுவார். ஊர் திரும்பியபின் சாக்ஸில் ஈரம் பார்த்துத்தான் புண் இருப்பது தெரியும். அதன்பின் நடப்பது ஒரே மாதிரி: கேப்சூலைப் பிரித்துத் தூளைப் புண்ணில் தூவுவது, கடையில் ஐந்து நாள் மாத்திரை, குணமாகவில்லை என்றால் வேறு ஐந்து நாள் மாத்திரை. எங்களிடம் வரும்போது விரல் கறுத்திருக்கும்.

புண் இருப்பது வேறு, புண்ணில் தொற்று இருப்பது வேறு. சிவந்து, வீங்கி, சூடாகி, வலியோ சீழோ இருந்தால்தான் தொற்று. அவை இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. அந்தப் பாதத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது, இறந்த சதையை அகற்றுவது, ரத்த ஓட்டத்தைச் சோதிப்பது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது ஆகியவைதான் அதை ஆற்றும். தொற்று இருந்தால், மேலாகப் பஞ்சுக்குச்சியில் தடவி எடுத்த மாதிரி பெரும்பாலும் தவறான கிருமியைக் காட்டும். புண்ணின் மேற்பரப்பில் ஊர்வதெல்லாம் உள்ளே அரிப்பவை அல்ல. சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து ஒரு துண்டுத் திசு எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

மழைக்காலத்தில் வயலிலோ கண்மாயிலோ வேலை செய்த சர்க்கரை நோயாளிக்கு விடாத காய்ச்சல், நுரையீரலில் நிழல், கல்லீரலில் அல்லது மண்ணீரலில் சீழ்க்கட்டி என்று வந்தால் மெலியாய்டோசிஸ் என்ற நோயையும் நினைக்க வேண்டும். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது, தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டிருக்கிறது. காசநோய் போலவே ஏமாற்றும். சாதாரணமாகத் தொடங்கும் பல ஊசிகளுக்கு இயல்பிலேயே படியாது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம் வேண்டும். பெரிய மருந்து நியாயமாகத் தேவைப்படும் நோய் இது. கல்ச்சர் இல்லாமல் இதைப் பிடிப்பது மிகக் கடினம்.

கல்ச்சர் கிடைத்தபின் வரும் மனத்தாங்கலும் உண்டு. மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்ததும் மருத்துவர் மெரோபெனத்தை நிறுத்திவிட்டு எளிய ஊசிக்கோ மாத்திரைக்கோ மாற்றுகிறார். உடனே வெளிநாட்டிலிருந்து அழைப்பு வருகிறது: செலவைப் பார்க்க வேண்டாம், பெரிய மருந்தே போடுங்கள் என்று. கிருமியின் பெயர் தெரிந்து, அதற்கென்றே உள்ள மருந்துக்கு மாற்றுவதுதான் சிகிச்சையின் சிறந்த பகுதி. சில கிருமிகளுக்கு எளிய, விலை குறைந்த மருந்து பெரிய மருந்தைவிட நன்றாகவே வேலை செய்யும். உதாரணமாக, சாதாரண (மெதிசிலின் வகை மருந்துக்குப் படியும்) ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியால் வரும் ரத்தத் தொற்றுக்கு செஃபசோலின், வாங்கோமைசினைவிட மேலானது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினோ சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. தேவையில்லாமல் அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

ரிப்போர்ட்டை நீங்களே படித்து மருந்து தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். எதிரே 'எஸ்' (கிருமி அந்த மருந்துக்குப் படியும்) என்று போட்டிருக்கும் எல்லா மருந்தும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீர்ப்பையில் வேலை செய்யும், சிறுநீரகத் தொற்றுக்கோ ரத்தத் தொற்றுக்கோ உதவாது. மருந்துக்கு எதிரே உள்ள, கிருமியை அடக்கத் தேவைப்படும் அளவைக் காட்டும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சிறிய எண் உள்ளதே வலிமையானது என்று முடிவு செய்வதும் தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு.

மருத்துவமனைகளின் பொறுப்பையும் சொல்லாமல் விட முடியாது. பெரும்பாலான திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளுக்குக் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கும் ஒரு டோஸ் போதும். தையல் பிரிக்கும்வரை ஊசி போடுவது காயத்தை இன்னும் பத்திரமாக்குவதில்லை. சிறுநீர்க் குழாய் போட்ட முதியவரின் சிறுநீரில் கிருமி வளர்வது சகஜம். காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாவிட்டால், கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர, அதற்கு மருந்து வேண்டாம். குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேட்பதுதான் முதல் வேலை. மருந்துக்குப் படியாத கிருமி ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் பெரும்பாலும் கைகள் வழியாகத்தான் போகிறது. பார்க்க வருபவர்களின் கைகளும் இதில் சேரும். 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இத்தகைய தொற்றுகளின் நேரடி விளைவாக இறந்திருக்கிறார்கள் என்று 2022-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பலருக்குக் கிருமி மருத்துவமனையிலேயே வந்திருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்துகளுக்குப் படியவில்லை, எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள் கொடுக்கப்பட்டது என்ற மூன்றும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருக்க வேண்டும். பில்லோடு கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலையும் வாங்கி, படம் எடுத்து, சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கும் சென்னையில் இருக்கும் மகளுக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த முறை நள்ளிரவில் மதுரைக்கு ஆம்புலன்ஸில் போக நேர்ந்தால், அங்கே பணியில் இருக்கும் மருத்துவர் முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்க அந்தப் படம் உதவும்.