முருங்கைக்கீரை, வலி மாத்திரை, வெட்டுக்கத்தி: ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு

காலையில் பல் துலக்கித் துப்பினால் நுரையில் இளஞ்சிவப்பு. முழங்கையில், எங்கே இடித்தோம் என்றே நினைவில்லாத ஒரு நீலத் திட்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற இதயத் துடிப்புக்காக 'ரத்தம் இளக்கும்' மாத்திரை எடுப்பவர்கள் முதலில் பயப்படுவது இவற்றுக்குத்தான். பயந்துபோய்த் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களே, ஆபத்து அங்கேதான்.

பேச்சுக்கு அப்படிச் சொன்னாலும் எந்த மாத்திரையும் ரத்தத்தை இளக்குவதில்லை. உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தால், இடது மேலறையோடு ஒட்டியிருக்கும் விரல் போன்ற சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த மாத்திரைகளில் பழையதான வார்ஃபரினை அளவோடு எடுத்தால் இந்தப் பக்கவாதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தவிர்க்கப்படுகிறது. ஈறில் விழுந்த கீறலை அடைக்கும் புரதங்கள்தாம் அந்தப் பையிலும் கட்டியை உண்டாக்குகின்றன. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் கொஞ்சம் தளரத்தான் செய்யும்.

வாதக் காய்ச்சலால் (ருமாட்டிக் காய்ச்சல்) இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் பழைய மருந்துகளான வார்ஃபரினோ அசிட்ரோமோதான். கல்லீரல் 2, 7, 9, 10 ஆகிய எண்களுள்ள உறைதல் காரணிகள் என்னும் புரதங்களைச் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினைப் புதுப்பித்துத் தரும் நொதியை இந்த மருந்துகள் முடக்குகின்றன. ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றும் 7ஆம் காரணி சில மணி நேரத்தில் குறைந்துவிடும். 2ஆம் காரணி குறைய இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் இன்று அளவை மாற்றிவிட்டு நாளைக்கே ஐ.என்.ஆர். பார்த்துப் பயனில்லை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண் இது; ஏற ஏறத் தாமதம் கூடும். பெரும்பாலோருக்கு அந்த எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும்.

இங்கேதான் முருங்கைக்கீரை வருகிறது. அதில் வைட்டமின் கே ஏராளம். மரச்சீனியும் மீன்கறியும் எவ்வளவு சாப்பிட்டாலும் ஐ.என்.ஆர். பெரிதாக அசையாது, கீரைத் துவரன் அதை இறக்கும். அதற்காகக் 'கீரையே தொடாதே' என்பது சோம்பேறித்தனமான அறிவுரை. வாரம் இரண்டு நாள் கீரை வழக்கமென்றால் அந்த இரண்டு நாளும் தொடரட்டும், மாத்திரை அளவு அதற்கேற்ப அமையும். ஒரு மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் தினமும் தின்றால்தான் சிக்கல். இதன் மறுபக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை: காய்ச்சலில் ஒரு வாரம் வெறும் கஞ்சி, கூடவே மெட்ரோனிடசோல் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரை. ஐ.என்.ஆர். சரசரவென்று ஏறிவிடும். அப்படிப்பட்ட வாரத்தில் வழக்கமான தேதிக்குக் காத்திராமல் பரிசோதித்துவிட வேண்டும்.

புதிய மருந்துகளான அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான், டாபிகாட்ரான் எடுப்பவர்களுக்குக் கீரைக் கணக்கு இல்லை. வேறு கணக்கு உண்டு. ரிவராக்ஸாபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் மருந்து முழுதாக உடலில் சேராது. டாபிகாட்ரான் நெஞ்செரிச்சல் தரும். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். கேப்சூலைப் பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் விழுங்கினால் மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறும். இவை சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுவதால், அதன் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

பழைய மாத்திரையோ புதியதோ, பெரிய ரத்தக்கசிவுகளுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது வலி மாத்திரை. முட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் அசிக்ளோஃபெனாக்கும் இரைப்பையின் உள்தோலை அரிக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் மந்தமாக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வார்ஃபரின், அசிட்ரோம்காரர்கள் அதையும் தொடர்ந்து பல நாள், நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போட்டால் ஐ.என்.ஆர். ஏறும். குமரி மாவட்டத்தில் வழக்கமான இன்னொன்று, வர்ம ஆசான்கள் செய்யும் வர்மத் தடவல். எண்ணெய் போட்டு இதமாகத் தேய்ப்பதில் குற்றமில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கும் முறை தசைக்குள் ரத்தம் கட்ட வைக்கும். இடுப்பில் போடும் ஊசியும் அப்படித்தான். ஆசானிடமும் ஊசி போடுபவரிடமும் மாத்திரை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரப்பர் வெட்டும் கத்தி கையில் பட்டால் சுத்தமான துணியை வைத்து, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பிடித்துவந்த உறைவு பிய்ந்துபோகும். காப்பித்தூள் வேண்டாம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை அதேபோல் பத்து, பதினைந்து நிமிடம் கிள்ளிப் பிடியுங்கள். ஈறுக்கு மென்மையான பிரஷ், பல் மருத்துவரிடம் ஒரு சுத்தம்.

மலம் தார்போல் கறுத்து ஒட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்க வைக்கும் என்பதால் அதையும் சொல்லுங்கள். தலையில் தேங்காய் விழுந்தாலோ குளியலறையில் வழுக்கித் தலை இடித்தாலோ, நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அன்றைக்கே சி.டி. ஸ்கேன் பற்றிக் கேட்க வேண்டும். மண்டைக்குள் கசிவு மெதுவாகப் பெருகலாம்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் ஐ.என்.ஆர். பார்த்து, பயண நாட்களுக்கு மேல் பத்து நாள் மாத்திரையைக் கூடுதலாக எடுத்து, நனையாத இரண்டு டப்பாக்களில் பிரித்து வைக்கட்டும். ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. புதிய மாத்திரைகளின் வேலை ஒரு நாளிலேயே இறங்கிவிடுவதால், டப்பா ஒன்று கடலில் விழுந்தாலும் மற்றது படகில் இருக்க வேண்டும்.