ஸ்பின்ட்ரானிக்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு 'ஸ்பின்' என்ற அதன் காந்தக் குணத்தையும் பயன்படுத்தும் துறை ஸ்பின்ட்ரானிக்ஸ். 'ஸ்பின்', 'எலக்ட்ரானிக்ஸ்' இரண்டும் ஒட்டிப் பிறந்த சொல் இது. 1996-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்பாவில் ஒரு திட்டத்துக்குப் பெயர் தேடியபோது இயற்பியலாளர் ஸ்டூவர்ட் வுல்ஃப் வைத்தது.

'ஸ்பின்' பழைய சொல். இழையைத் திரித்து நூலாக்குவதே அதன் முதல் பொருள். தக்களி சுழல்வதால், பின்னாளில் சுழலும் எதற்கும் அதுவே பெயராயிற்று. 1925-ல் நெதர்லாந்தின் லைடனில் ஊலன்பெக், கௌட்ஸ்மித் என்ற இரு இயற்பியலாளர்கள் எலக்ட்ரானுக்கு இந்தக் குணம் உண்டென்று முன்வைத்தார்கள். ஆனால் அது பம்பரம்போல் சுற்றுகிறது என்று கணக்குப் போட்டால், அதன் மேற்பரப்பு ஒளியை மிஞ்சிய வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். அதனால் உண்மையில் அது சுற்றவில்லை. நிறை, மின்னூட்டம்போல உடன்பிறந்த குணம் அது. அதோடு ஒரு குட்டிக் காந்தமும் சேர்ந்தே வருகிறது.

இதனால்தான் 'ஸ்பின்'னுக்குத் தமிழில் 'தற்சுழல்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கிறது. தன் + சுழல். தற்காப்பு, தற்பெருமை போன்ற புணர்ச்சி. அந்தத் 'தன்'தான் சொல்லின் உயிர். பம்பரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிடலாம்; எலக்ட்ரானின் தற்சுழலை யாராலும் நிறுத்த முடியாது, திசையைத்தான் மாற்றலாம். 'தற்சுழற்சி' என்றும் எழுதுகிறார்கள். பூமி தன்னைத்தானே சுற்றுவதற்கும் அதுவே பெயர் என்பதால் இங்கே குழப்பம் வரும். ஆக, தற்சுழல் மின்னணுவியல். இலங்கை வழக்கில் தற்சுழல் இலத்திரனியல்.

கூடவே வரும் 'இன்டர்ஃபேஸ்' என்ற இன்னொரு சொல்லையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு உலோக மென்படலங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தைச் சிலர் 'இடைமுகம்' என்கிறார்கள். அது மென்பொருளுக்குப் பழகிப்போன சொல். இங்கே 'இடைப்பரப்பு' என்பதே பொருந்தும். இத்துறையின் முக்கியமான சங்கதிகள் பலவும் நடப்பது அந்தப் பரப்பில்தான்.

பிரான்சில் ஆல்பர் ஃபெர்ட்டின் குழு 1988-ல் வெளியிட்ட சோதனையையே எடுத்துக்கொள்வோம். 3 நானோமீட்டர் இரும்பு, 0.9 நானோமீட்டர் குரோமியம், மறுபடி இரும்பு என மாறி மாறி அடுக்கினார்கள். அந்தக் குரோமியத்தின் கனம் சுமார் ஆறு அணு வரிசைதான். அவ்வளவு மெல்லிய இடைவெளியில், அடுத்தடுத்த இரும்புப் படலங்களின் காந்தத் திசைகள் தாமாகவே எதிரெதிராக நின்றன. எந்தத் திசையில் தற்சுழல் கொண்ட எலக்ட்ரானாக இருந்தாலும் ஏதோ ஒரு படலத்தில் முட்டிச் சிதறியது. வெளியிலிருந்து வலுவான காந்தப்புலம் கொடுத்ததும் படலங்கள் ஒரே திசைக்குத் திரும்பின. ஒரு திசையில் தற்சுழல் கொண்ட எலக்ட்ரான்கள் அதிகத் தடையில்லாமல் ஓடின, 4.2 கெல்வின் குளிரில் மின்தடை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. ஜெர்மனியின் யூலிக்கில் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனியாக இதே விளைவைக் கண்டார். 2007-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1997-ல், ஐபிஎம் இந்த விளைவை ஹார்ட் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் முனையில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

'இரும்பு–குரோமியம் இடைப்பரப்பில் தற்சுழலைப் பொறுத்து எலக்ட்ரான்கள் சிதறுகின்றன' என்று எழுதிப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கும் பிடிபடும்.