வ்ஹாலம்: குஜராத்தி ரீல்ஸில் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சொல்

குஜராத்தி ரீல்ஸை நாலைந்து நாள் தொடர்ந்து பார்த்தால் போதும், 'வ்ஹாலம்' தானாகக் காதில் ஏறிவிடும். கட்ச் பக்கம் வெள்ளை ரண் உப்பு வெளி, கண்ணாடிச் சில்லு பதித்த சணியா சோளியில் பெண், கேடியூ என்ற குட்டை மேல்சட்டை போட்ட பையன், நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட், எல்லாம் ஸ்லோ மோஷனில். பின்னால் ஓடுவது பெரும்பாலும் 'வ்ஹாலம் ஆவோ நே'. 2017இல் வந்த 'லவ் நி பவாய்' படத்துப் பாட்டு. சச்சின்-ஜிகர் இசை, ஜிகர்தான் கட்வி பாடியது.

பொருள் என்ன? அன்புக்குரியவன், காதலன், கணவன். பெரும்பாலும் பெண் ஆணைக் கூப்பிடும் விளி. சிலர் 'வாலம்' என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். 'வ்ஹாலம் ஆவோ நே' என்பதற்கு 'வா அன்பே' என்று சப்டைட்டில் போட்டால் தப்பில்லை, ஆனால் சப்பென்று இருக்கும். 'ஆவோ' மரியாதைப் பன்மை. கூட ஒட்டிக்கொள்ளும் 'நே' கொஞ்சிக் கெஞ்சுகிற ஒட்டு. நம் 'வாங்களேன்' அப்படியே பொருந்துகிறது.

வேர் சமஸ்கிருத 'வல்லப', அதாவது பிரியத்துக்குரியவர். பிராகிருதத்தில் 'பகரம்' தேய்ந்து 'வல்லஹ' ஆனது. குஜராத்திக்கு வந்தபோது 'ல்ல' ஒற்றையாகி, முன்னால் இருந்த உயிர் நீண்டு, ஹகரம் முன்னால் தாவிக்கொண்டு 'வ்ஹாலு' ஆயிற்று. ஆணுக்கு வ்ஹாலோ, பெண்ணுக்கு வ்ஹாலீ, அன்பு என்ற பெயர்ச்சொல் வ்ஹால். கடிதம் தொடங்குவதும் இதே சொல்லில்தான். ஹிந்திப் பாட்டுகளில் வரும் 'பாலம்' கூட இந்தக் குடும்பம்தான். ஆற்றுப் பாலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இங்கேதான் நாம் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழில் 'வல்' என்ற வேர் தனியாக இருப்பதால் வல்லபம் என்றால் வலிமை, வல்லபன் என்றால் வல்லவன் என்றே நமக்குப் படுகிறது. சர்தார் படேலின் பெயரையும் 'வல்லபாய்' என்று ஒரே சொல்லாக ஒட்டி எழுதி, இரும்பு மனிதருக்கு ஏற்ற பெயர் என்று நினைத்துக்கொள்கிறோம். பிரித்தால் அது வல்லப் + பாய், பிரியமான அண்ணன். ஆக, வேர் ஒன்றாக இருந்தாலும் வ்ஹாலத்துக்குத் தமிழில் 'வல்லபன்' என்று போட்டால் யாருக்கும் காதல் தோன்றாது, மல்யுத்தம்தான் தோன்றும்.

பழைய குஜராத்திப் பாட்டில் இந்த அன்புக்குரியவன் பெரும்பாலும் கண்ணன். வல்லபாச்சாரியார் வழியில் வந்த புஷ்டி மார்க்கம் என்ற கண்ணன் பக்தி நெறி அங்கே ஆழமாக வேரூன்றியது, அந்த மார்க்கத்தைச் சேர்ந்த தயாராம் (1777–1853) எழுதிய கர்பி என்ற பாட்டுகள் கோபியரின் குரலில் பேசுபவை. சாமியா புருஷனா என்று பிரிக்க முடியாத விளி. கடல் தாண்டி வியாபாரத்துக்கு மஸ்கட், ஜான்ஜிபார் என்று போனவனுக்காக வீட்டில் காத்திருந்தவளுக்கும் அதே விளி பொருந்தியது. இன்று ஊர் கனடா, காத்திருப்பு விசாவுக்கு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடையாகி, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்துவிட்ட பிறகு, ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் பனியில் அவன், நடுவில் வீடியோ கால் என்று அந்தப் பழைய பிரிவுப் பாட்டுக்குப் பொருத்தமான கால் நிமிஷ வடிவம் கிடைத்துவிட்டது.

ஆனால் பேச்சு வரும் ரீல்ஸைக் கவனியுங்கள், அங்கே வ்ஹாலம் கிடையாது! அடுக்களையில் நின்று யாரும் புருஷனை வ்ஹாலம் என்று கூப்பிடுவதில்லை. பழைய வீடுகளில் பெயரும் சொல்ல மாட்டார்கள், 'சாம்பளோ சோ?' என்பார்கள், 'கேக்குறீங்களா?' என்று அர்த்தம். நம் 'என்னங்க'வின் சொந்த அக்கா. நகைச்சுவை ரீல்ஸில் மனைவி அதே 'சாம்பளோ சோ?'வைக் கரண்டியும் கையுமாகக் கத்துவாள், புருஷன் மொபைலைக் கீழே போடுவான். இளவட்டம் ஒருவரை ஒருவர் 'பகா' என்று கூப்பிடுகிறது. நண்பனுக்கும் அதுதான், நெருக்கமானவருக்கும் அதுதான். 'தமே' என்ற நீங்கள் போய் 'து' என்ற நீ வந்துவிட்டது. பெண் பார்க்கும் காட்சியும் மாறிவிட்டது. டீ தட்டோடு தலை குனிந்து வருபவளுக்குப் பதிலாக, கஃபேயில் உட்கார்ந்து பையனிடம் சம்பளமும் சமையலும் விசாரிப்பவள். காதலைச் சொல்லும்போதுகூட 'பிரேம்' என்று கனமாக ஆரம்பிக்காமல் 'மனே து கமே சே' என்று முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. அமைப்பும் நம்முடையது போலத்தான், 'நான்' வராது, 'எனக்கு'தான் வரும்.

சரி, தமிழில் என்ன போடலாம்? நாட்டுப்புறப் பாட்டானால் கை தானாக 'மச்சான்', 'அத்தான்' பக்கம் போகும். போகக் கூடாது என்பேன். அவை முறைப்பெயர்கள். அத்தை மகனையும் மாமன் மகனையும் கட்டும் வழக்கத்தில் பிறந்த செல்லம் அது; ஆண்டாளே மதுசூதனை 'மைத்துனன் நம்பி' என்றுதான் சொல்கிறாள். குஜராத்தி இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் அந்த உறவில் கல்யாணம் கிடையாது, அதனால் வ்ஹாலத்தில் முறை வாசனை துளியும் இல்லை. 'காதலன்' கூப்பிடும் சொல்லே அல்ல. 'மணாளன்' கல்யாணத்தை முன்கூட்டியே நடத்திவிடும். பாட்டுக்கு 'கண்ணாளா'தான் என் தேர்வு: கடவுளுக்கும் சொல்லலாம், காதலனுக்கும் சொல்லலாம், அன்றாடப் பேச்சில் யாரும் சொல்வதில்லை என்பது உட்பட எல்லாம் ஒத்துப்போகிறது.

பாட்டை விட்டு வெளியே வந்தால் இடத்துக்கு ஒன்று. கடிதத்தில் வ்ஹாலு என்றால் 'அன்புள்ள'. குழந்தைக்கு என்றால் 'செல்லம்'. குஜராத் அரசு 2019இல் கொண்டுவந்த 'வ்ஹாலீ திக்ரி' திட்டத்தில், முதல் வகுப்பில் சேரும்போது 4,000, ஒன்பதாம் வகுப்பில் 6,000, பதினெட்டு வயதில் ஒரு லட்சம் ரூபாய் பெண் குழந்தைக்குக் கிடைக்கும். அதைக் 'காதலி மகள் திட்டம்' என்று ஏதாவது மொழிபெயர்ப்புச் செயலி கொடுத்தால் தயவுசெய்து அடித்துவிட்டு 'செல்ல மகள் திட்டம்' என்று எழுதுங்கள்.