உளக்காயம் உணர்ந்த பேணல்: ஒரு சொல் விளக்கம்

பெற்றோரின்றி நாடு கடந்து வரும் (‘அன்அக்கம்பனீட்’) சிறாருக்கான ‘ட்ராமா இன்பார்ம்டு கேர்’ என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழாக்குவதே இங்கு வேலை. அதன் முதற்சொல்லை ‘ட்ராமா’ என்றே தமிழில் எழுதினால் படிப்பவர் நாவில் அது பெரும்பாலும் ‘டிராமா’ ஆகிவிடுகிறது. நம் நெடுங்கணக்கில் இரண்டு ஒலிக்கும் ஒரே டகரம்தான். ‘டிராமா போடாதே’ என்று பிள்ளையை அதட்டும் வழக்குள்ள மொழியில், பெரும் துன்பத்தைக் கடந்து வந்த ஒரு குழந்தையின் நிலையை அதே எழுத்துகளால் குறிப்பது வெறும் எழுத்துச் சிக்கலாக நின்றுவிடாது. சொல்லே குழந்தையைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடும். இந்தக் கலைச்சொல்லுக்குத் தமிழ் வடிவம் வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மூலச்சொல் கிரேக்கம், பொருள் புண் அல்லது காயம். நம் நெடுஞ்சாலையோர மருத்துவமனைகளின் பெயர்ப்பலகையில் விபத்துச் சிகிச்சைப் பிரிவைக் குறிக்க நிற்கும் ‘ட்ராமா கேர்’ இந்தப் பழைய பொருளையே சுமக்கிறது. உடலிலிருந்து உள்ளத்துக்கு அச்சொல் தாவியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெருமளவு ரயில் விபத்துகளின் வழியாக. எலும்பு முறியாமல் தப்பியவர்களும் மாதக்கணக்கில் நடுங்கியதையும் உறக்கமின்றித் தவித்ததையும் கண்ட மருத்துவர்கள் அதற்குப் பெயர் தேடினர். பெர்லின் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1889-இல் வெளியிட்ட நூலில் இக்கிரேக்கச் சொல்லை அந்த நிலைக்குப் பெயராக வைத்தார். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு அதைத் தனி நோய்நிலையாகவே ஏற்றது.

தமிழ் இதழ்களில் மிகுதியாகப் புழங்குவது ‘மன அதிர்ச்சி’. ஆனால் அதிர்ச்சி ஒரு கணத்தின் பெயர்: மின்சாரம் தாக்கும்போது வருவது, தந்தி வந்ததும் வருவது. நாம் பெயர் தேடுவதோ, அந்தக் கணம் முடிந்த பின்னும் உடலிலும் உறக்கத்திலும் தங்கிவிடும் ஒன்றுக்கு. ஈழத்து உளநலத் துறையினர் போர்க்கால அனுபவத்தினூடாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ‘மனவடு’ இதைவிட நுட்பமானது. தீ சுட்டதைப் புண் என்றும் நா சுட்டதை வடு என்றும் பிரித்து, ஆறாதது பின்னதே என்ற வள்ளுவரின் வழியில் வந்த சொல் அது. அதைத் தள்ளிவைக்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும் வடு என்பது காயம் மூடிய பின் எஞ்சும் தழும்பையும் குறிக்கும். இன்னும் பயணமே முடியாத குழந்தையின் காயமோ மூடவில்லை. எனவே இந்தச் சூழலுக்கு ‘உளக்காயம்’ என்பதையே தேர்கிறேன்.

இதுவரை சொன்னது தொடரின் எளிய பகுதி. இடறும் இடம் அடுத்த சொல். ‘இன்பார்ம்டு’ என்பதைக் கணினி மொழிபெயர்ப்புகள் ‘தகவல்’ ஆக்கிவிடுவதால், ‘அதிர்ச்சித் தகவல் பராமரிப்பு’ என்று தொலைக்காட்சித் தலைப்புச் செய்தி போன்ற ஒன்று பிறக்கிறது. இத்தொடரின் கருத்துக்கு அடித்தளம் இட்டவர்கள் 2001-இல் ஒரு தொகுப்பைப் பதிப்பித்த மேக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் ஆகியோர். காயத்துக்கு மருத்துவம் செய்யும் சேவை வேறு, காயம்பட்டவர்கள் வரக்கூடும் என்பதை உணர்ந்து தன் நடைமுறைகளையே மாற்றிக்கொள்ளும் சேவை வேறு என்று அவர்கள் பிரித்தனர். 2014-இல் அமெரிக்க அரசின் உளநலச் சேவை நிர்வாகம் இதை நான்கு வினைகளாக்கியது: காயம் எவ்வளவு பரவலானது என்று உணர்தல், அறிகுறிகளை இனங்காணல், நடைமுறைகளை அதற்கேற்ப அமைத்தல், மீண்டும் காயப்படுத்தாதிருத்தல். நான்கில் எதற்கும் குழந்தையின் கதையைக் கேட்டாக வேண்டியதில்லை. ‘அறிந்த’ என்றால் கதையை அறிந்ததாகப் பொருள் மயங்கும், ஆகவே ‘உணர்ந்த’.

இத்தொடர் அதிகம் புழங்கும் இடங்களுள் ஒன்று, அமெரிக்காவின் தெற்கு எல்லையைப் பெற்றோரின்றிக் கடக்கும் சிறாருக்கான காப்பகங்கள். குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய நாடுகளிலிருந்து வருவோரே அவர்களில் பெரும்பான்மையினர்; 2021, 2022 நிதியாண்டுகளில் ஆண்டுக்கு 1,20,000-க்கும் மேற்பட்ட சிறார் இக்காப்பகங்களின் பொறுப்புக்கு வந்தனர். அவர்களைத் ‘துணையற்ற’ என்றோ ‘ஆதரவற்ற’ என்றோ மொழிபெயர்ப்பது பிழை, ‘அநாதை’ பெரும்பிழை. 18 வயது நிறையாமல், சட்டப்படியான குடியேற்றத் தகுதி இல்லாமல், பொறுப்பேற்கப் பெற்றோரோ சட்டப்பூர்வக் காப்பாளரோ அந்நாட்டில் இல்லாமல் இருப்பவரே 2002-ஆம் ஆண்டுச் சட்டம் குறிக்கும் குழந்தை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்த சிறுமியும், பாட்டி சட்டப்படி காப்பாளர் அல்லர் என்பதால், இந்த வகைக்குள் வந்துவிடுகிறாள். அந்தக் கை விடுவிக்கப்படுவது வரையறையின் பேரிலேயே நிகழ்கிறது. ஆகவே ‘காப்பாளரின்றி வந்த’ என்பதே சட்டத்துக்கும் உண்மைக்கும் பொருந்தும்.

உணர்தல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காப்பகத்தின் ஓர் இரவை எண்ணிப் பார்த்தால் விளங்கும். எல்லைக் காவல் படையின் குளிரூட்டிய அறைகளைப் புலம்பெயர்வோர் ‘இயெலேரா’ என்பார்கள், ஸ்பானிய மொழியில் பனிப்பெட்டி. அங்கே மின்னும் தகட்டுப் போர்வையின் கீழ் அணையாத விளக்கில் கிடந்த சிறுவன், 2008-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக விதிக்கும் 72 மணி நேரத்துக்குள் காப்பகத்துக்கு மாற்றப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் படுக்கைகளை எண்ண வரும் பணியாளர் கைவிளக்கை முகத்தில் அடித்தால், அவனுக்கு அது எல்லைப்புதர்களுக்குள் தன்னைத் தேடிய ஒளி. விளக்கைத் தரைநோக்கிப் பிடிப்பதும், கதவருகே நின்று தாழ்ந்த குரலில் தன் பெயரைச் சொல்வதும் மருத்துவம் அல்ல. தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்து வைத்ததற்குத் தண்டிக்காமல், இரவிலும் எடுத்துத் தின்னலாம் என்று ஒரு தட்டை வெளியே வைப்பதும் மருத்துவம் அல்ல. அவன் மாம் அல்லது கிச்சே பேசும் மாயா இனத்தவனாக இருந்தால், ஸ்பானிய மொழியில் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் அது அவனைச் சென்று சேராமல் போகலாம். மொழிபெயர்ப்பாளரை அழைப்பதும் இத்தொடரின் பொருளுக்குள் அடங்கும்.

தொடரைப் பிடித்துக்கொண்டு பொருளைக் கைவிடவும் முடியும். இத்தகைய காப்பகங்களில் உளநல ஆற்றுப்படுத்துநரிடம் ஒரு சிறுவன் சொன்னவை குடியேற்ற அமலாக்கத் துறைக்குப் போய், நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகவே எடுத்துவைக்கப்பட்டதை 2020-இல் நாளிதழ் ஒன்று வெளிக்கொணர்ந்தது. ‘உணர்ந்த’ என்ற இடத்தில் ‘தகவல்’ வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

எஞ்சுவது ‘கேர்’. ‘பராமரிப்பு’ தவறில்லை; ஆனால் அது சாலைக்கும் மின்மாற்றிக்கும் உரியதாகிவிட்டது. மின்தடை அறிவிப்பில் நாம் மாதந்தோறும் படிப்பது அதைத்தான். ‘பேணல்’ உயிருள்ளதற்குக் கூடுதலாகப் பொருந்துகிறது, குறுகவும் ஒலிக்கிறது. ‘புலம்பெயர்ந்த’ என்பதற்கு மாற்றே தேட வேண்டாம். புகாரில் கலந்து வாழ்ந்த அயல்நாட்டவரைப் பட்டினப்பாலை ‘புலம்பெயர் மாக்கள்’ என்கிறது. முழுத்தொடர், ‘காப்பாளரின்றிப் புலம்பெயர்ந்த சிறார்க்கான உளக்காயம் உணர்ந்த பேணல்’ என்று அமையும். படிவங்களில் இடம் போதாவிட்டால் முன்பகுதியைக் குறைக்கலாம். ‘உணர்ந்த’ என்பதை விடக்கூடாது.