பூச்சுக்கு முன்னால் ஒரு வயர்

கிளிநொச்சியில் வீட்டு வயரிங் செய்கிறவன் நான். போன மாதம் எங்கள் ஊர் இளைஞர் கழகப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும், ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். பிரதேச சபைக்குக் கொடுக்க எழுதியது.

"இனிக் கட்டுற வீடுகளுக்குக் காஸ் வேண்டாம், கரண்டிலயே சமைக்கிற மாதிரிக் கட்டோணும் எண்டு கேக்கப்போறம் அண்ணை. ஒருக்காப் பாத்துத் தாங்கோ."

நன்றாகத்தான் தேடியிருந்தார்கள். நெதர்லாந்தில் 2018 ஜூலை முதல் புது வீடுகளுக்குக் காஸ் இணைப்பு இல்லை. கலிபோர்னியாவின் பேர்க்லி நகரம் 2019இல் புதுக் கட்டடங்களுக்குக் காஸ் குழாயைத் தடுத்தது. 2023இல் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. எங்கள் சனம் நிறைய இருக்கிற மெல்பேணிலும், திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்கு 2024 ஜனவரி முதல் கரண்ட் மட்டுந்தான்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அங்கே தடுப்பது தெருவுக்குக் கீழால் வருகிற குழாயை. எங்களுக்கு ஏது குழாய்? எங்கள் பக்கத்தில் முதல் அடுப்பு இன்னும் விறகடுப்புத்தான். சிலிண்டர், விருந்தாளி வந்தால் அவசரத்துக்குத் தேத்தண்ணி வைக்க. 2022இல் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்குப் போனதையும் வரிசையில் நின்றதையும் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அதே வருசம் கரண்ட் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நின்றதை எழுத மறந்துவிட்டார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததாம், நாடு முழுக்க இருண்டது. அதையும் காணோம்.

ஆனாலும் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. காரணம், அதற்கு முதல் கிழமை பரந்தன் பக்கம் நான் பார்த்த ஒரு குசினி.

உதவித் திட்டத்தில் கட்டிய வீடு. குசினியில் இருப்பது ஒரேயொரு 5 அம்பியர் பிளக் பொயின்ற். அதில் ஒரு அடப்ரர், அடப்ரரில் றைஸ் குக்கரும் கேத்திலும். பிளக் பொயின்ற்றின் மூடியைக் கழற்றினால் பின்பக்கம் கறுத்து, வயரின் தோல் பொரிந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. "ரெண்டு மூண்டு நாளா மணந்தது தம்பி. கருவாடு எண்டு நினைச்சிட்டன்" என்றார் வீட்டு அம்மா. அவரில் பிழையில்லை. சில பிளாஸ்ரிக் சூடேறினால் மீன் நாற்றந்தான் அடிக்கும். மீன் வாங்காத நாளில் குசினியில் மீன் மணந்தால் மெயின் சுவிட்சை நிப்பாட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

2,000 வாற்ஸ் கேத்தில் ஒன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் பொயின்ற் என்ன செய்யும், பாவம். ஏன் இப்படி வயர் இழுக்கிறோம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குக் கம்பியில் கரண்ட் வரவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம். அறைக்கு ஒரு லைற், குசினிக்கு ஒரு பிளக் என்றாலே பெரிய காரியமாக இருந்தது. மேசன்மாருக்கும் எங்களுக்கும் அந்தக் கணக்கே கையில் பழகிவிட்டது.

ஆகவே பிள்ளைகளிடம் சொன்னேன்: காஸை வேண்டாம் என்று எழுதாதீர்கள். மெயின் போர்டிலிருந்து குசினிக்குத் தனி லைன் வேணும் என்று எழுதுங்கள். 7/0.85 வயர் (0.85 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது), அதற்கென்று தனி 20 அம்பியர் பிரேக்கர், எர்த் வயர், கரண்ட் கசிந்தால் உடனே நிப்பாட்டுகிற 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச். சுவர் பூச முதல் இதற்குப் பெரிய செலவில்லை. பூசின பிறகு என்றால் சுவரைக் கொத்தி, திரும்பப் பூசி, பெயின்ற் அடித்து... அதனால்தான் சனம் அடப்ரரைத் தேடுகிறது.

எர்த்தைப் பற்றியும் கொஞ்சம். ஆவணி வெயிலில் எங்கள் மண் வெடித்துக் கிடக்கும். காய்ந்த மண்ணில் இறக்கிய எர்த் றொட் இருந்தும் இல்லாத மாதிரி. நான் எப்போதும் குசினித் தண்ணி ஓடுகிற வாழையடியில் இறக்குவேன். அங்கே ஈரம் வற்றாது.

"பில் கூடாதோ அண்ணை?" என்று தங்கச்சி கேட்டாள். கூடும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று செய்கிற சமையலை இண்டக்ஷன் அடுப்பில் செய்தால் என் கணக்குக்கு 80 முதல் 90 யூனிற் வரும். 60 யூனிற்றைத் தாண்டினாலே கட்டண வரிசை மாறுகிறது என்பதால் அந்த யூனிற்றை மட்டும் பெருக்கிப் பார்த்தால் போதாது, முழு பில்லையும் பார்க்க வேணும். ஒவ்வொரு வீட்டுக்கும் விடை ஒவ்வொன்று. மண்சட்டியும் அலுமினியப் பானையும் இண்டக்ஷனில் வேகாது. பானையின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் வேலை. கூரையில் சோலர் இருக்குத்தானே என்பவர்களுக்கு: பற்றரி இல்லாத சாதாரண சோலர், லைன் போனால் தானும் நின்றுவிடும். விறகடுப்பை யாரும் இடிக்க வேண்டாம்.

தம்பி முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. "மெல்பேண் கதை வேண்டாமோ அண்ணை?" என்றான். இருக்கட்டும், கடைசிப் பந்தியில் போடு என்றேன்.

கடிதத்துக்குப் பதில் எப்போது வருமோ தெரியாது. தங்கச்சியின் மாமா முறிகண்டிப் பக்கம் வீடு கட்டுகிறார். சுவர் எழும்பிவிட்டது, அடுத்த கிழமை பூச்சு. சுவரில் வயர்க் குழாய் பதிக்க நாளைக்குக் காலமை ஏழு மணிக்குப் போகிறோம், அந்த இரண்டு பேரும் வருகிறார்கள்.