எடை காட்டுவது கிராஃபீனா, அதில் ஒட்டிய பாலிமரா?

"குவார்ட்ஸ் படிகத்தில் எடை பார்த்துவிட்டோம், கிராஃபீன் ஒரே அடுக்குதான்" என்று சொல்லும் ஆய்வு மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்த எடையில் பாலிமர் எவ்வளவு என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வருவதில்லை. கிராஃபீன் என்பது ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் படலம்; அதைப் பெயர்த்து வைக்க உதவும் பிளாஸ்டிக் போன்ற பாலிமரும் அதோடு ஒட்டி வரும்.

இங்கே தராசு என்பது பொன் பூசிய குவார்ட்ஸ் படிக வில்லைதான். அதற்கு மாறுமின்னழுத்தம் கொடுத்தால், அதன் இரு முகங்களும் எதிரெதிராகப் பக்கவாட்டில் அசையும். 5 மெகாஹெர்ட்ஸ் வில்லை என்றால் நொடிக்கு 50 லட்சம் முறை. மேலே எது ஒட்டினாலும் அதிர்வெண் குறையும். இந்தக் குறைவை எடையாக மாற்றும் சூத்திரத்தை ஜெர்மனியின் கியுன்டர் சௌவர்பிரை 1959-இல் வெளியிட்டார். அதன்படி இந்த வில்லையில் 1 ஹெர்ட்ஸ் குறைந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 17.7 நானோகிராம் ஏறியிருக்கிறது.

கிராஃபீனின் ஓர் அடுக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 76 நானோகிராம்தான். அதாவது, 50 லட்சத்தில் நான்கு ஹெர்ட்ஸும் கொஞ்சமும். செம்புத் தகட்டில் வளர்ந்த கிராஃபீனைப் பெயர்த்தெடுக்க அதன்மேல் பிஎம்எம்ஏ என்ற பாலிமரைப் பூசுகிறோம். பிறகு அசிட்டோனில் கழுவுகிறோம். அது முழுதாகப் போவதில்லை. ஒரே ஒரு நானோமீட்டர் தங்கினாலும் சுமார் 118 நானோகிராம். கிராஃபீனைவிட அதன் எடை அதிகம்! படிகத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2019-இல் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஏற்றும்போது நிறுப்பதோடு விடாமல், ஆக்சிஜன் பிளாஸ்மாவால் (மின்னேற்றம் பெற்ற வாயுவால்) அரித்து நீக்கும்போது அதிர்வெண் எப்படி ஏறுகிறது என்று பார்த்தார்கள். பாலிமர் போன்ற அழுக்கு வேகமாக அரிபடும், கிராஃபீன் மெதுவாக. வேகம் மாறும் இடத்தில் இரண்டின் எடையும் பிரிந்துவிடும். பாலிமர் கொண்டு, திரவத்தில் மிதக்கவிடாமல் கிராஃபீனை இடம் மாற்றும் உலர்முறையில் மொத்த எடை பத்து மடங்கு வரை கூடக்கூடும் என்று அவர்கள் கண்டார்கள்.

பிளாஸ்மா வசதி இல்லாதவர்கள், கிராஃபீன் வைக்காத வில்லை ஒன்றையும் அதே வேலைகளுக்கு உட்படுத்துங்கள்; கிராஃபீன் இல்லாமலே அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். வில்லையைக் கழற்றி மாட்டினாலே சில ஹெர்ட்ஸ் மாறிவிடும். அறை வெப்பமும் ஈரப்பதமும் தங்கள் பங்குக்கு மாற்றும். ஒத்ததிர்வின் அகலத்தையும் (அதிர்வின் ஆற்றல் எவ்வளவு வீணாகிறது என்று காட்டும் அளவு) குறித்து வையுங்கள். சுருக்கம் விழுந்தோ பாதி ஒட்டாமலோ இருக்கும் படலம் படிகத்தோடு சேர்ந்து அசையாது. அகலம் கூடியிருந்தால் சௌவர்பிரை சூத்திரத்தை அப்படியே போட்டுக் கிடைத்த எண்ணை ஆய்வுக்கட்டுரையில் எழுதாதீர்கள்.