பிரிட்டனில் இருட்டிய பிறகு சைக்கிள் ஓட்ட என்னென்ன வேண்டும்?

பிரிட்டனுக்குப் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் பலர் போன கையோடு ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிடுகிறார்கள். வகுப்புக்குப் போகவும் ஆச்சு, மாலையில் சாப்பாடு டெலிவரி செய்யவும் ஆச்சு. கூடவே தூரத்திலிருந்தே பளிச்செனத் தெரியும் மஞ்சள் ‘ஹை-விஸ்’ ஜாக்கெட் ஒன்றையும் மாட்டிக்கொண்டால் சட்டப்படி எல்லாம் சரி என்று ஒரு நினைப்பு. அந்த ஜாக்கெட்டைச் சட்டம் கேட்கவே இல்லை. அது கேட்கும் சாமான்களோ பல சைக்கிள்களில் முழுசாக இருப்பதில்லை.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொதுவாக இருப்பவை 1989ஆம் ஆண்டின் சாலை வாகன விளக்கு விதிகள். வடக்கு அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் உதிக்கும் வரை சாலையில் ஓட்டுகிற சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரும், அதாவது மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும் வில்லையும் இருக்க வேண்டும். இவை போக, பெடல்களில் ஆம்பர் நிற ரிஃப்ளெக்டர்கள், அதாவது சிக்னலின் நடு விளக்கு நிறத்தில். ஒரு பெடலுக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என மொத்தம் நான்கு. 1985 அக்டோபர் 1க்கு முன் தயாரான சைக்கிளுக்கு மட்டும் இந்தப் பெடல் விதி கிடையாது.

சூரிய மறைவை நம் ஊர்க் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் எந்த மாதமானாலும் ஐந்தரைக்கு மேல்தான் சூரியன் மறையும். லண்டனில் டிசம்பர் நடுவில் மாலை 3.50 வாக்கிலேயே மறைந்துவிடும். எடின்பரோவில் இன்னும் முன்னதாக. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். வெள்ளிக்கிழமை வெளிச்சத்தில் வீடு திரும்பியவர், திங்கட்கிழமை அதே நேரத்தில் இருட்டில் திரும்ப வேண்டியிருக்கும். விளக்கு வாங்குகிறவர்கள் அதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது.

விட்டுவிட்டு எரியும் விளக்கு 2005இலிருந்து சட்டப்படி செல்லும். நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை, ஒரே சீராக மின்ன வேண்டும் என்பது நிபந்தனை. வெளிச்சமில்லாத கிராமச் சாலையில் முன் விளக்கை மட்டும் நிலையாக எரியவிடுங்கள், உங்களுக்கும் வழி தெரிய வேண்டுமே.

பெடலுக்கு வருவோம். எல்லாரும் கோட்டைவிடும் இடம் இதுதான், ஆனால் இருக்கிறவற்றில் கெட்டிக்கார ஏற்பாடும் இதுதான். இருட்டில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். இரண்டு ஆம்பர் புள்ளிகள் மாறி மாறி மேலும் கீழும் போனால், முன்னால் ஒருவர் சைக்கிள் மிதிக்கிறார் என்று கார் ஓட்டுகிறவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். உலோகப் பெடல்கள் பலவற்றிலும், ஷூவைப் பொருத்திக்கொள்ளும் ரேஸ் வகைப் பெடல்களிலும் இந்த ரிஃப்ளெக்டர் இருக்காது. கடையில் புது சைக்கிள் விற்பவர் முன், பின், சக்கரம், பெடல் எல்லாவற்றிலும் ரிஃப்ளெக்டரும், ஒரு மணியும் வைத்துத்தான் விற்க வேண்டும் என்று 2010இல் வந்த விதிகள் சொல்கின்றன. இரண்டாம் கையாக வாங்கினால் முதல் ஆள் எதையெல்லாம் கழற்றினாரோ! முன்பக்கத்து வெள்ளையும் சக்கரத்தில் உள்ளதும் இல்லாவிட்டால் ஓட்டுகிறவருக்குக் குற்றமில்லை. பின் சிவப்பும் பெடல் ஆம்பரும் இல்லாமல் இரவில் ஓட்டினால் குற்றம்.

சரிசெய்வது பெரிய வேலையில்லை. ரிஃப்ளெக்டர் பதித்த சாதாரண பிளாஸ்டிக் பெடல் மலிவாகவே கிடைக்கும்; பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ், வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் முழு பலத்தோடு இடப்பக்கம் சுற்றினால் இன்னும் இறுகத்தான் செய்யும். பின் ரிஃப்ளெக்டர் வாங்கும்போது அதில் பிஎஸ் 6102/2 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை அல்லது அதற்கு இணையான ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் டேப், சட்டம் கேட்கும் ரிஃப்ளெக்டரின் இடத்தை நிரப்பாது. கூடுதலாக ஒட்டிக்கொள்ளலாம், நல்லதும்கூட, ஆனால் நிறம் முக்கியம். முன்பக்கம் பார்த்தபடி சிவப்பும், பின்பக்கம் பார்த்தபடி வெள்ளையும் ஒட்டக் கூடாது. எதிரே வருகிறதா, முன்னே போகிறதா என்று பிறர் நிறத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

இனி அந்த மஞ்சள் ஜாக்கெட். பிரிட்டனின் சாலை விதிக் கையேடான ஹைவே கோடின் 59ஆம் விதி, பகலிலும் மங்கலான வெளிச்சத்திலும் வெளிர் நிற அல்லது பளிச்சிடும் உடையையும், இருட்டில் ஒளியைத் திருப்பி அனுப்பும் உடை, பெல்ட், கைப்பட்டை, கணுக்கால் பட்டை போன்றவற்றையும் பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான், போடாவிட்டால் அபராதம் இல்லை. விபத்து வழக்கென்று போனால் மட்டும், ஹைவே கோடைப் பின்பற்றினாரா என்ற கேள்வி வரலாம். பளிச் மஞ்சள் துணி பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அப்படிப் பளிச்சிடுகிறது. ராத்திரியில் அதற்கு வேலையில்லை. அதில் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டைதான் வேலை செய்யும்.

அந்தப் பட்டையாகட்டும், ரிஃப்ளெக்டராகட்டும், மேலே விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. பின்னால் வரும் காரின் ஹெட்லைட் வெளிச்சம் அந்த ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பிவிடும். பக்கத்துச் சந்திலிருந்து மூக்கை நீட்டும் காரின் ஹெட்லைட்டோ உங்கள் மேல் படுவதே இல்லை. அந்தக் காரை ஓட்டுகிறவருக்கு உங்கள் ஜாக்கெட்டும் தெரியாது, ரிஃப்ளெக்டரும் தெரியாது, எரிகிற விளக்கு மட்டும்தான் தெரியும். சட்டம் விளக்கு, ரிஃப்ளெக்டர் இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

விளக்கில்லாமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 50 பவுண்டு அபராதச் சீட்டு கிடைக்கலாம். கேம்பிரிட்ஜில் விளக்கு வாங்கிய ரசீதைக் காட்டினால் அபராதத்தை விட்டுவிடும் ஏற்பாட்டைப் போலீசார் நடத்தியதுண்டு. எல்லா ஊரிலும் அதை எதிர்பார்க்க முடியாது. 250 வாட் மோட்டாரும் மணிக்கு 15.5 மைல் வரம்பும் உள்ள மின் சைக்கிளுக்கும் இதே விளக்கு விதிகள்தான். அந்த வரம்பைத் தாண்டும் மோட்டாரை டெலிவரிக்காக மாட்டிக்கொண்டால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனம். பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் கேட்பார்கள்.

பாதி வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் இறங்கிச் சாலையின் இடது ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடங்கள். அதற்கு விளக்கு தேவையில்லை.